கைப்பேசியில் வரும் கள்ள வியாபாரி

ஓணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் குழித்துறை வட்டாரத்து ஏத்தன் வாழை சாகுபடியாளர்களுக்கு முக்கியமான காலமாகும். கன்று, உரம், முட்டு, கூலி என்று பத்து மாதமாகப் போட்ட பணம் அந்தச் சில நாட்களில்தான் திரும்பி வரவேண்டும். பழையவர்கள் இன்றும் தொடுவெட்டிச் சந்தை என்று சொல்லும் மார்த்தாண்டம் சந்தையில் விலை ஏறுமா, இறங்குமா என்று எல்லோரும் கவனித்துக் கொண்டிருக்கும் அந்த வேளையில்தான் கள்ள வியாபாரியின் அழைப்பும் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

அழைப்பவர் ராணுவ முகாமொன்றின் உணவுப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்வார். நூறு குலை வேண்டும், நாளை லாரி வரும், பணம் முன்கூட்டியே தரப்படும் என்பார். சீருடை அணிந்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர்கள் குமரி மாவட்டத்தில் பல உண்டு. ஆகவே ராணுவம் என்ற சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு. ஏமாற்றுபவன் முதலில் பயன்படுத்துவது அந்த மதிப்பைத்தான். இந்தியாவின் பல மாநிலங்களில் பல ஆண்டுகளாகவே நடந்து வரும் மோசடி இது. பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். வடக்கே பால், கோழி என்றால் இங்கே குலை, தேங்காய், தேன்.

அடுத்துத்தான் சூழ்ச்சி. ‘எங்கள் அலுவலக முறைப்படி முதலில் ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்’ என்று சொல்லி ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ உண்மையாகவே அனுப்பி வைப்பார். நம்பிக்கை பிறந்துவிடும். பின்னர் கட்டம் கட்டமாக உள்ள க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் முழுத் தொகையும் கணக்கில் ஏறிவிடும் என்பார். எண்ணைப் போட்டதும் பணம் ஏறாது, இறங்கும். ‘தவறு நடந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்’ என்று சொல்லி இன்னொரு முறையும் போடச் செய்வார்.

இங்கே விவசாயிகள் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். யுபிஐ முறையில் ரகசிய எண் என்பது பணம் கொடுப்பதற்கு உரியது, வாங்குவதற்கு அல்ல. பணம் வாங்குவதற்கு எண்ணும் தேவையில்லை, ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பெட்டிக் கடைக்காரர் பணம் வாங்குவதற்கு எதையும் அழுத்துவதில்லை, கொடுப்பவர்தான் அழுத்துகிறார். முன்பு தனி நபர் ஒருவர் மற்றொருவருக்குப் ‘பணம் தா’ என்று கோரிக்கை அனுப்பும் வசதியும் இருந்தது. அதை வைத்து ஏமாற்றியவர்கள் மிகுந்ததால், 2025 அக்டோபர் முதல் தேதியுடன் அதை நிறுத்த தேசிய கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டது. ஆகவே ஏமாற்றுபவர்கள் இப்போது குறியீட்டையும் பொய்க் குறுஞ்செய்தியையுமே அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

பொய்க் குறுஞ்செய்தி எப்படி என்றால், ‘உங்கள் கணக்கில் ரூ.20,000 வரவு’ என்று வங்கி அனுப்பியதைப் போலவே ஒரு செய்தி வரும். உடனே அழைப்பு வரும். ‘ரூ.2,000-க்குப் பதில் ஒரு சைபர் கூடிவிட்டது, மீதி 18,000-ஐத் திருப்பி அனுப்புங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்த பணம்’ என்று கெஞ்சும் குரல். நேர்மையான மனிதர் பதறி அனுப்பிவிடுவார். வந்த செய்தியைப் பார்த்தால் அது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கியின் செய்தி அப்படி வராது. எழுத்துகளால் ஆன பெயரோடு வரும். 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த திருத்தப்படி, அந்தப் பெயரின் கடைசியில் சிறு கோடிட்டு ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும்: அரசுச் செய்திக்கு ‘ஜி’, சேவைச் செய்திக்கு ‘எஸ்’, பணப் பரிமாற்றச் செய்திக்கு ‘டி’, விளம்பரத்துக்கு ‘பி’. இருப்பினும் எழுத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே அடுத்த காரியம் செய்வது நல்லது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குலையைத் தூக்கிப் பார்க்காமல், சீப்பை எண்ணாமல், கேட்ட விலைக்கு மறுபேச்சின்றிச் சம்மதிக்கும் வியாபாரியைச் சந்தையில் யாரும் கண்டதில்லை. தொலைபேசியில் மட்டும் அப்படி ஒருவர் எப்படி முளைக்க முடியும்?

தவணைப் பணத்தின் பெயரால்

2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளாக விவசாயிகளின் கணக்கில் செலுத்தப்படுகிறது. தவணை வரும் நாள் நெருங்கும்போது, ‘உங்கள் பெயர் நீக்கப்பட்டது, இ-கேஒய்சி செய்ய இந்தச் செயலியை இறக்கிக் கொள்ளவும்’ என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்பியவர் தெரிந்தவராகவே இருக்கலாம். அவரும் ஏமாந்தவரே, அவர் கைப்பேசியில் புகுந்த செயலிதான் அவர் பெயரில் மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கும்.

செய்தியோடு வரும் கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். அதைத் திறந்து நிறுவினால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். ‘சரி’ என்று தட்டிவிட்டால் அதன்பின் வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., உரியவர் கண்ணில் படுமுன்பே எங்கோ இருக்கும் ஒருவனுக்குப் போய்ச் சேரும். தென்னையின் குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்து உள்ளே இருப்பது ஓலை விரிந்த பிறகுதான் தெரியும். இதுவும் அப்படியே, பணம் போன பிறகுதான் தெரியும். செயலி எதுவானாலும் கைப்பேசியிலுள்ள ப்ளே ஸ்டோரில் தேடி எடுக்க வேண்டும்; யாரோ அனுப்பிய கோப்பைத் திறக்கக் கூடாது. அரசு இணையதளங்கள் ‘கவ்.இன்’ என்று முடியும். வங்கிகளின் முகவரி ‘பாங்க்.இன்’ என்று முடியும்படி மாற்ற 2025 அக்டோபர் இறுதி வரை ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்தது.

‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இ-சேவை மையத்தில் இ-கேஒய்சி செய்தாலும், விவசாயி தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதிவு செய்தாலும் அந்த எண்ணைக் கேட்கத்தான் செய்கிறார்கள். இதனால் குழப்பம் வருவது இயல்பு. வேறுபாடு இதுதான்: விவசாயி தாமே தேடிப்போய், எதிரே உட்கார்ந்து, இன்ன வேலைக்கு என்று தெரிந்து கொடுப்பது ஒரு வகை. எங்கிருந்தோ ஒருவர் அழைத்து, ‘இப்போது ஓர் எண் வரும், சொல்லுங்கள்’ என்பது வேறு வகை. அந்த எண் வந்த குறுஞ்செய்தியிலேயே எதற்காக என்று எழுதியிருக்கும். படிக்க முடியாதவர்கள், ‘மக்களே, இதில் என்ன எழுதியிருக்கு?’ என்று பேரப்பிள்ளையிடம் கேட்கத் தயங்கக் கூடாது.

இதே திட்டத்தில் தமிழ்நாட்டில் 2020-இல் நடந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். வேளாண் துறை அலுவலர்களின் கணினி நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்கள் கைக்குப் போய், தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். ரூ.110 கோடி அளவுக்கு முறைகேடு என்று அன்றைய துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர், தரகர்கள் கைதாயினர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கங்களில் ‘கொரோனா உதவித்தொகை’ என்று நம்பி ஆதாரையும் கணக்கு எண்ணையும் கொடுத்த ஏழைகள் பலர், வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது. அவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர். ஆனால் கணக்கு அவர்கள் பெயரில் இருந்தது.

அதனால்தான், ‘உங்கள் பாஸ்புக்கைக் கொடுங்கள், கணக்கில் பணம் வந்து போகட்டும், மாதம் ஆயிரம் தருகிறோம்’ என்று கேட்டு வருபவர்களுக்கு இளைஞர்கள் இடம் கொடுக்கக் கூடாது. திருட்டுப் பணம் கை மாறும் கணக்கு அது. முடக்கப்படுவதும் வழக்கில் சேர்க்கப்படுவதும் கணக்குக்கு உரியவரே.

விரல் ரேகை

கைப்பேசியே இல்லாதவருக்கும் ஆபத்து உண்டு. ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண்ணும் விரல் ரேகையும் இருந்தால் போதும், ஓ.டி.பி. தேவையில்லை. 2018-இல் தெலங்கானாவில், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த ஆவணங்களிலிருந்து விரல் ரேகையைப் பிரதியெடுத்து, ரப்பர் முத்திரை போலச் செய்து சிம் கார்டுகளைப் பதிவு செய்தவர் பிடிபட்டார். 2023-இல் பெங்களூரில், சொத்துப் பதிவு செய்து வந்த பலரது கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. நிலம் வாங்கி விற்கும் யாருக்கும் பொருந்தும் செய்தி இது.

இதற்குத் தடுப்பு உண்டு. ஆதாரின் விரல் ரேகைப் பயன்பாட்டை ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டி வைக்கலாம். விவரத்துக்கு 1947 என்ற எண் உள்ளது. ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் பதியாது. போகுமுன் திறந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. பணம் எடுத்துத் தரும் முகவரிடம் விரல் வைக்கும்போது, ‘பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்’ என்றால் முதல் தடவை என்ன ஆயிற்று என்று ரசீது கேட்க வேண்டும்.

கன்று, மானியம் என்ற பெயரில் வருபவை

பேஸ்புக்கில், ‘இரண்டே ஆண்டில் காய்க்கும் தென்னை, பாதி விலை, முன்பணம் கட்டவும்’ என்ற விளம்பரங்கள் காணப்படுகின்றன. குட்டை ரகம்கூட நல்ல பராமரிப்பில் மூன்று, நான்கு ஆண்டுகளில்தான் பாளை விடும். வேளாண்மைக்கு ஒவ்வாத எந்த வாக்குறுதியும் பணத்துக்கும் ஒவ்வாதது. சந்தேகம் எழுந்தால் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குக் கட்டணமின்றிப் பேசலாம். சூரிய சக்தி பம்புசெட்டுக்குப் ‘பதிவுக் கட்டணம்’ வசூலிக்கும் போலி இணையதளங்கள் குறித்து மத்திய அரசு பலமுறை எச்சரித்துள்ளது. மானியம் பற்றிய விவரங்கள் அரசின் உழவன் செயலியில் உள்ளன.

முன்பெல்லாம் ஏமாற்றுபவன் அலுவலகம் திறந்து, பலகை மாட்டி, உபசரித்து ஏமாற்றினான். பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை 2012-இல் விழுந்தது. பளுகலை அடுத்த மத்தம்பாலையில் 2017-இல் ஒரு நிதி நிறுவனம் மூடிக்கொண்டு, இரு மாநிலத்தவரின் சேமிப்பையும் கொண்டுபோனது இந்தப் பகுதிக்கு நன்கு தெரியும். அப்போது போய் நிற்க ஒரு கதவாவது இருந்தது. இப்போது அழைப்பவன் கம்போடியாவில் இருக்கலாம், மியான்மரில் இருக்கலாம். அவனே அடைபட்டவனாகவும் இருக்கலாம்: கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவதிப் பகுதியில் மோசடி வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்டு வரப்பட்டனர். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு வரும் ‘டிஜிட்டல் கைது’ மிரட்டலும் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலிருந்தே வருகிறது. கைப்பேசி வழியாக யாரையும் கைது செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிடலாம். நாடு முழுவதும் 2024-இல் இணைய மோசடிகளில் மக்கள் இழந்தது ரூ.22,845 கோடி என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதில் நேரமே முக்கியம். திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, எங்கோ ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும். 1930-இல் பதிவானதும், பணம் போன வழியில் உள்ள வங்கிகளுக்குச் செய்தி சென்று, எடுபடாமல் மிஞ்சிய தொகை நிறுத்தப்படுகிறது. அரை மணி நேரத்தில் சொன்னவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, மறுநாள் சொன்னவருக்குக் கிடைப்பதில்லை. வங்கியின் பெயர், தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ள பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஏபிகே கோப்பைத் திறந்தவர்கள், அந்தக் கைப்பேசியின் இணைய இணைப்பை அணைத்துவிட்டு வேறு கைப்பேசியிலிருந்து அழைப்பது நல்லது.

அடுத்து, வங்கிக் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெற வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த முறைப்படி, வாடிக்கையாளர் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாமவரால் நடந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. தாமே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது அவருடையது. தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதில்தான் லாபம்.

ஆனால் பலர் சொல்வதில்லை. கூட்டுறவு வங்கிக் கடனுக்குக் கட்ட வைத்திருந்த பணம் போய்விட்டது என்று மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு நாள் தூங்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வங்கிக்குப் போகிறவர்களே அதிகம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட ஏமாந்திருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்’ என்று பின்னர் வரும் அழைப்பும் அதே கும்பலுடையதாக இருக்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை. போகும்போது 1930-இல் தந்த ஒப்புகை எண், ஆதார் நகல், ஒரு மாதக் கணக்கு விவரம், அழைத்தவரின் எண்ணும் செய்திகளும் அழிக்கப்படாத அதே கைப்பேசி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.