வரிசைப்படுத்தப்பட்ட மெப்பிற்குச் சாவி அமைத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – செய்நிரலாக்கம்: மேலதிக விளக்கம்

மாணவர்களே, தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி பற்றிக் கற்றிருப்பீர்கள். ஒரு பதிவை மற்றைய பதிவுகளிலிருந்து தனித்து இனங்காண உதவுவதே முதன்மைச் சாவியாகும். செய்நிரலாக்கத்திலும் சாவி உண்டு. ஆனால் அங்கு அது சில வேளைகளில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கும்: ஒன்று இனங்காணல், மற்றையது வரிசைப்படுத்தல். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் தரவு காணாமற்போகும். அது எவ்வாறு நிகழ்கின்றது, அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இப்பகுதியில் நோக்குவோம்.

1. மெப் என்றால் என்ன?

சாவி, பெறுமானம் ஆகிய இரண்டையும் இணை இணையாகச் சேமிக்கும் தரவுக் கட்டமைப்பே மெப் ஆகும். சாவியைக் கொடுத்தால் அதற்குரிய பெறுமானம் கிடைக்கும். சாதாரண மெப்பில் சாவிகளின் பெறுமதி ஒழுங்கு பேணப்படுவதில்லை. வரிசைப்படுத்தப்பட்ட மெப்பில் சாவிகள் எப்போதும் ஒழுங்காகவே இருக்கும். 1998இல் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் சேர்க்கப்பட்ட ட்ரீமெப் இதற்கு நல்ல உதாரணமாகும்.

ஒழுங்காக இருப்பதால் வரும் நன்மை யாது? ஒழுங்குபடுத்திய 1000 பதிவுகளில் ஒன்றைத் துவிதத் தேடல் மூலம் தேடுவதற்கு ஆகக்கூடியது 10 ஒப்பீடுகள் போதும். ஒழுங்கற்ற பட்டியலில் 1000 பதிவுகளையும் பார்க்க நேரிடலாம்.

எண்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதைக் கணினி அறியும். ஆனால் புள்ளி, பெயர், சேர்விலக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு பொருளை நாமே சாவியாக ஆக்கினால், எது முன், எது பின் என்பதை நாமே கூற வேண்டும். அதற்கு எழுதுவதே ஒப்பீட்டு விதி ஆகும்.

2. ஒப்பீட்டு விதி

இரண்டு சாவிகளைக் கொடுத்தால் விதி ஓர் எண்ணைத் திருப்பும்.

மறை எண் – முதலாவது சாவி முன்னே வரும்.
நேர் எண் – முதலாவது சாவி பின்னே வரும்.
பூச்சியம் – இரண்டும் ஒரே சாவி.

மூன்றாவது வரியை நன்றாகக் கவனியுங்கள். "இரண்டும் ஒரே இடத்துக்கு உரியவை" என்று நாம் எண்ணிப் பூச்சியத்தைத் திருப்பினால், "இரண்டும் ஒன்றே" என்று மெப் எடுத்துக்கொள்ளும்.

3. உதாரணம்: புள்ளிப் பட்டியல்

பின்வரும் ஐந்து மாணவரின் பதிவுகளைக் கூடிய புள்ளி முதலில் வருமாறு ஒழுங்குபடுத்த வேண்டும் எனக் கொள்வோம்.

சேர்விலக்கம் 1042 – கமலா – 78
சேர்விலக்கம் 1017 – கனகா – 85
சேர்விலக்கம் 1108 – நிமலன் – 78
சேர்விலக்கம் 1095 – கமலா – 78
சேர்விலக்கம் 1009 – வதனி – 62

முறை அ: புள்ளி மாத்திரம் சாவி. 1042 உட்புகுத்தப்படும். பின்னர் 1108 வரும்போது அதன் புள்ளியும் 78. ஒப்பீடு பூச்சியம். எனவே மெப் புதிய இடம் கொடுக்காது. பழைய பெறுமானத்தை நீக்கி, புதியதை அதே இடத்தில் வைக்கும். 1095 வரும்போதும் அவ்வாறே நடக்கும். முடிவில் 85, 78, 62 என மூன்று பதிவுகளே எஞ்சும். இரண்டு மாணவர் பட்டியலில் இல்லை. வழுச் செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதிலுள்ள ஆபத்து.

முறை ஆ: புள்ளியும் பெயரும் சாவி. இப்போது நிமலன் தப்பிவிடுவார். ஆனால் இரண்டு கமலாக்களும் ஒரே புள்ளி பெற்றுள்ளனர். எனவே நான்கு பதிவுகளே எஞ்சும்.

முறை இ: புள்ளி, பெயர், சேர்விலக்கம் மூன்றும் சாவி. ஐந்து பதிவுகளும் 1017, 1042, 1095, 1108, 1009 என்ற ஒழுங்கில் இருக்கும். இதுவே சரியான முறை.

இதன் போலிக்குறிமுறை:

புள்ளிகள் சமமல்ல எனின், கூடிய புள்ளி முன்
அன்றேல் பெயர்கள் சமமல்ல எனின், அகராதி ஒழுங்கில் முந்திய பெயர் முன்
அன்றேல் சேர்விலக்கங்கள் சமமல்ல எனின், சிறிய இலக்கம் முன்
அன்றேல் பூச்சியம்

மனதில் இருத்துக: கூட்டுச் சாவியின் முதற் புலங்கள் ஒழுங்கைத் தருகின்றன; இறுதிப் புலம் தனித்துவத்தைத் தருகின்றது. இறுதிப் புலமாக எப்போதும் முதன்மைச் சாவியையே இடுக.

4. விதி மீறக்கூடாத நிபந்தனைகள்

(i) அ, ஆவுக்கு முன் எனின், ஆ, அவுக்குப் பின் ஆதல் வேண்டும்.

(ii) அ, ஆவுக்கு முன்னும் ஆ, இவுக்கு முன்னும் எனின், அ, இவுக்கு முன் ஆதல் வேண்டும். சமனுக்கும் இவ்வாறே. "2 புள்ளி வித்தியாசம் வரை சமன்" என்று ஒருவர் விதி எழுதினால் 60உம் 62உம் சமன். 62உம் 64உம் சமன். ஆனால் 60உம் 64உம் சமனல்ல. இத்தகைய விதியை வைத்துக்கொண்டு எந்த மெப்பும் ஒழுங்காக இயங்காது.

(iii) உட்புகுத்திய பின் சாவியை மாற்றக்கூடாது. மீள்திருத்தத்தில் வதனியின் 62 புள்ளி 86 ஆகின்றது எனக் கொள்வோம். மெப்பின் உள்ளே இருக்கும் சாவியில் எண்ணை மாத்திரம் மாற்றினால், பதிவு கடைசி இடத்திலேயே கிடக்கும். தேடலோ 86க்குரிய முதலிடத்தில் நடக்கும். பதிவு உள்ளே இருந்தும் "இல்லை" என்றே விடை வரும். பழைய சாவியுடன் பதிவை நீக்கி, புதிய சாவியுடன் மீண்டும் உட்புகுத்துவதே சரியான வழியாகும்.

5. பாடத்தை எண்ணாகவும் எழுத்தாகவும் ஒப்பிடல்

9, 10, 100 ஆகியவற்றைப் பாடமாகச் சேமித்தால் 10, 100, 9 என்றே வரிசைப்படும். ஏனெனில் முதல் எழுத்தே முதலில் ஒப்பிடப்படும். திகதியும் அவ்வாறே. 08-12-2009 என நாளை முதலில் எழுதினால் வெவ்வேறு ஆண்டுகள் கலந்துவிடும். 2009-12-08 என ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் பாடமாக ஒப்பிட்டாலும் காலவொழுங்கு கெடாது. 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 நியமமும் இவ்வொழுங்கையே கொண்டுள்ளது.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. யுனிகோட்டில் ன எழுத்தின் குறியெண் 2985. ம எழுத்தின் குறியெண் 2990. எனவே குறியெண்ணை மாத்திரம் ஒப்பிட்டால் கனகா முன்னும் கமலா பின்னும் வரும். நமது நெடுங்கணக்கிலோ ம பத்தாவது மெய், ன பதினெட்டாவது மெய். கமலாவே முன்வர வேண்டும்.

புள்ளியும் சிக்கல் தரும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியின் குறியெண் 3021. இது எல்லா மெய்களின் குறியெண்ணிலும் பெரிது. ஆதலால் குறியெண் ஒழுங்கில் பகல் முன்னும் பக்கம் பின்னும் வரும். அகராதியில் பக்கமே முன்.

இதற்கு ஒரு தீர்வு: ஒவ்வோர் எழுத்தையும் மெய்யெண், உயிரெண் என்னும் இணையாக மாற்றுக. க முதல் ன வரை 1 – 18. அ முதல் ஔ வரை 1 – 12. புள்ளிக்கு உயிரெண் 0. தனி உயிருக்கு மெய்யெண் 0.

பக்கம்: (9,1) (1,0) (1,1) (10,0)
பகல்: (9,1) (1,1) (13,0)

முதல் இணை சமன். இரண்டாம் இணையில் (1,0) சிறியது. ஆகவே பக்கம் முன்வரும். இவ்வெண் தொடரையே பெயருக்குப் பதிலாகச் சாவியில் வைக்கலாம். கிரந்த எழுத்துகளுக்கு 19 முதல் எண் இடுக.

6. பயிற்சி

(1) கல், கனி, கண், கப்பல் ஆகிய சொற்களை (அ) அகராதி ஒழுங்கில் (ஆ) குறியெண் ஒழுங்கில் எழுதுக. (ண 2979, ப 2986, ல 2994)
(2) நூலக இரவல் பதிவுகளுக்குத் திகதி மாத்திரம் சாவியாக இடப்பட்டுள்ளது. இதிலுள்ள குறை யாது? அதனை எவ்வாறு நிவர்த்தி செய்வீர்?
(3) மேலே முறை இயில் அமைத்த மெப்பில், சேர்விலக்கம் மாத்திரம் தெரிந்த ஒருவரை விரைவாகத் தேட முடியுமா? காரணம் தருக.

விடைகள்

(1) (அ) கண், கப்பல், கல், கனி (ஆ) கண், கனி, கப்பல், கல்.
(2) ஒரே நாளில் இரவல் பெற்ற நூல்களுள் ஒன்றே எஞ்சும். திகதியின் பின் தனித்துவமான இரவல் இலக்கத்தைச் சேர்க்க வேண்டும்.
(3) முடியாது. அம்மெப் முதலில் புள்ளியாலேயே ஒழுங்குபட்டுள்ளது. சேர்விலக்கத்தைச் சாவியாகக் கொண்ட வேறொரு மெப் தேவை.

மூன்றாம் வினாவை விளங்கிக்கொண்டால் சாவி அமைத்தலின் முதற்படி விளங்கும்: எந்த வினாவுக்கு விடை தேடப்போகின்றோம் என்பதைத் தீர்மானித்த பின்னரே சாவியைத் தீர்மானித்தல் வேண்டும்.