பத்தாயிரம் காலடி யாருடைய அளவு?

நடையைக் கணக்குப் போடும் ஆப்களில் பலவற்றைத் திறந்ததுமே ஓர் எண் நிற்கும்: 10,000. நமக்கு என்ன வயது, உட்கார்ந்து செய்யும் வேலையா நின்று செய்யும் வேலையா, முழங்கால் வலி உண்டா, சுகர் உண்டா என்று எதையும் கேட்காமலே 'ஒரு நாளைக்கு இத்தனை காலடி' என்று சொல்லிவிடுகிறது. நான் மதுரை காளவாசலில் தையற்கடை வைத்திருப்பவள். ஆளைப் பார்க்காமல், டேப் பிடிக்காமல் அளவு எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. டாக்டர் "சுகர் பார்டர்ல இருக்கும்மா, தினமும் நடங்க" என்று சொல்லி, மகள் என் செல்லில் ஆப்பை ஏற்றிக் கொடுத்ததும், இந்த எண் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தேடினேன்.

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் நடைக்கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'மன்போ-கெய்' என்று பெயர். பத்தாயிரம் காலடியை அளக்கும் கருவி என்பது பொருள். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எல்லை என்பதைவிட, மனதில் நிற்கிற விற்பனைப் பெயர் என்பதே பொருத்தம். அந்த எண்தான் அறுபது ஆண்டு கழித்து நம் கையிலிருக்கும் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீ 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 16,741 பெண்கள், சராசரி வயது 72. ஒரு நாளில் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வரை போகப் போக நன்மை கூடியது. அதற்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது வயதான பெண்களின் கணக்கு. எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் பத்தாயிரத்தைப் பார்த்து மலைத்துப்போய் முயற்சியையே கைவிடுகிற என் வாடிக்கையாளர் அம்மாக்களிடம் சொல்லவேண்டிய செய்தி இது.

பத்தாயிரம் என்பது ரெடிமேட் ஜாக்கெட் மாதிரி. சிலருக்குச் சரியாக அமையும். பலருக்குப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

நம் அரசும் இந்த எண்ணை ஒட்டியே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைத்தார்கள். எட்டு கிலோமீட்டர் நடந்தால் பத்தாயிரம் காலடி ஆகும் என்பது கணக்கு. அப்படியானால் ஒரு காலடிக்கு 80 சென்டிமீட்டர் வரவேண்டும். நான் கடைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இயல்பாக நடந்து, இஞ்ச் டேப்பால் அளந்து பார்த்தேன். எனக்கு வருவது 25 இஞ்ச், அதாவது சுமார் 63 சென்டிமீட்டர். என் காலுக்குப் பத்தாயிரம் என்பது ஆறேகால் கிலோமீட்டர் சொச்சம். எட்டு கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். உயரமான ஆணுக்கும் குள்ளமான பெண்ணுக்கும் ஒரே எண்ணை எழுதிவைப்பது எவ்வளவு பொருந்தாது என்று அந்த டேப் காட்டிவிட்டது.

பையில்லாத உடுப்பு

செல்போன் காலடியை எப்படி எண்ணுகிறது? அதற்குள் முடுக்கமானி என்ற சின்ன சில்லு இருக்கிறது. மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் உண்டாகும் அசைவை அது அளந்துகொண்டே இருக்கும். நடக்கும்போது உடம்பு சீராக ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றங்களை எண்ணித்தான் ஆப் கணக்குச் சொல்கிறது. போன் உடம்போடு இருந்தால்தான் இது நடக்கும். வெட்டுமேசையில் வைத்துவிட்டு வீடு முழுக்கச் சுற்றினாலும் பூஜ்யம்தான்.

ஆண்களுக்குச் சட்டையிலும் பேண்ட்டிலும் பை உண்டு. சேலையிலும் நைட்டியிலும் என்ன இருக்கிறது? சமையலறை, மொட்டைமாடி, தண்ணீர் பிடிக்கிற இடம், ரேஷன் கடை வரிசை என்று நாள் முழுக்க நடக்கிற பெண்ணின் நடை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ராத்திரி செல்லைப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டும். 'நான் சும்மாவே இருந்திருக்கிறேன்' என்று அவள் மனம் விட்டுப்போகும். இதனால்தான் சுடிதார், நைட்டி தைக்க வருகிறவர்களிடம் "பக்கத்துல ஒரு பை வச்சுத் தரவா?" என்று நானே கேட்கிறேன். செல் ஆடாமல் நிற்கும் ஆழத்தில், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுக்கிறேன். சேலை கட்டுகிறவர்களுக்கு இடுப்பில் செருகும் சுருக்குப்பை. கணக்கு உண்மையாக இருந்தால்தான் இலக்கும் உண்மையாக இருக்கும்.

எஸ்எம்எஸ் செய்த வேலை

போன் நினைவூட்டுவதால் மனிதர் மாறுவாரா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சென்னையின் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியாவில் நடத்திய ஓர் ஆய்வு 2013-ல் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் வெளிவந்தது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். யாருக்கும் நீரிழிவு வந்துவிடவில்லை. வரக்கூடிய எல்லையில் இருந்தவர்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றி ஒரே அறிவுரை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் தொடர்ந்து எஸ்எம்எஸ் போனது. ஏன் நடக்கவேண்டும், எப்படித் தொடங்குவது, விட்டுப்போனால் எப்படித் திரும்பப் பிடிப்பது என்பவை அந்தச் செய்திகள். ஒருவர் மாற்றத்தின் எந்தப் படியில் இருக்கிறாரோ அதற்குத் தக்கபடி செய்தியும் மாறியது.

இரண்டு ஆண்டு முடிவில், எஸ்எம்எஸ் வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. எஸ்எம்எஸ் வந்தவர்களில் 18 பேருக்கு. அறிவுரை இரு தரப்புக்கும் ஒன்றே. வாரா வாரம் ஒருவர் தோளைத் தட்டி ஞாபகப்படுத்தியதுதான் வித்தியாசம்.

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். என் கடை அளவு நோட்டைப் புரட்டினாலே தெரிகிறது: ஆண்டுக்கு ஆண்டு இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. என் தொழிலும் விதிவிலக்கு இல்லை. மோட்டார் மிஷினுக்கு மாறியபிறகு மிதிப்பலகையில் காலுக்கு இருந்த கொஞ்ச வேலையும் போய்விட்டது. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வில் பெண்கள் இல்லை. ஆனால் நினைவூட்டலும் தொடர்ச்சியும் தேவைப்படுவது ஆணுக்கு மட்டுமா?

எதற்குப் பிறகு?

'இனிமேல் தினமும் நடப்பேன்' என்பது ஆசை. அதை இலக்காக்குவது எப்படி என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய கட்டுரை சொல்கிறது: எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று கட்டிவைத்தால், அந்த நேரம் வரும்போது யோசனைக்கே இடமில்லாமல் கால் கிளம்பிவிடும்.

என்னுடையது இப்படி: ஷட்டரை இறக்கிப் பூட்டியதும், வீட்டுக்குத் திரும்பாமல், எஸ்.எஸ். காலனி உள்தெருக்கள் வழியாக ஒரு சுற்று. பைபாஸ் ரோட்டிலும் தேனி ரோட்டிலும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் இடைவிடாமல் போகும். நடக்கத் தோது உள்தெருக்கள்தான். ஆப்பில் நினைவூட்டும் மணியையும் கடை பூட்டும் நேரத்துக்கே வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மணி அடித்தால் அந்நேரம் எனக்குக் கையில் தோசைக்கரண்டி இருக்கும். நடக்க முடியாத நேரத்தில் அடிக்கிற மணி, கொஞ்ச நாளில் காதில் விழாமலே போய்விடும்.

ஆப்கள் பலவற்றில் தொடர்ச்சிக் கணக்கு ஒன்று உண்டு. விடாமல் செய்த நாட்களை எண்ணிக்கொண்டே போகும். ஒரு நாள் தவறினால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்து விட்டுவிட்டவர்கள் அநேகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மருந்து. ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடிக்கிறது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஆப் பூஜ்யம் என்று காட்டினாலும் உடம்பும் மனமும் பூஜ்யத்துக்குப் போவதில்லை.

அதனால் நான் நாள் கணக்கைவிட வாரக் கணக்கை நம்புகிறேன். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று வாரத்தை வைத்தே சொல்கிறது. ஆவணி, தை முகூர்த்தங்களிலும் தீபாவளி நெருக்கத்திலும் தையற்காரிக்கு ராத்திரி ஏது? அந்த மாதங்களில் எண்ணைக் குறைத்து வைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் துணி வரத்துக் குறையும்; எண்ணைக் கூட்டிக்கொள்கிறேன். சித்திரையில் அழகரைப் பார்க்க ஆற்றுக்குப் போய்வருகிற நாளில் எந்த ஆப்பும் நம்மைத் தூண்ட வேண்டியதில்லை.

கேட்பதற்கு ஓர் ஆள்

ஆப் மணி அடித்ததும் அதை விரலால் தள்ளிவிடலாம். மதினியை அப்படித் தள்ள முடியாது. கடைக்கு எதிர் வரிசையில் இருக்கிறவர். சொந்தமில்லை, பழக்கத்தில் மதினி. ஷட்டர் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"நாளைக்கு ரெண்டு கல்யாண ஜாக்கெட்டு டெலிவரி இருக்கு, மதினி."

"ஜாக்கெட்டு எங்கயும் ஓடிறாது. பத்து நிமிசமாச்சும் அங்கிட்டுப் போயிட்டு வருவோம், வா."

பத்து நிமிடம் என்று கிளம்பி அரை மணியாகும் நாட்கள்தான் அதிகம். எங்கள் தெருப் பெண்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் போட்டி கிடையாது. நடந்துவிட்டு வந்தவர் 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை போடுவார். இரண்டு நாள் ஒருவர் போடாவிட்டால் யாராவது வீட்டுக்குப் போய் உடம்புக்கு என்ன என்று கேட்பார்.

நம்மை நாமே முன்கூட்டிக் கட்டிப்போட்டுக்கொள்வது சேமிப்பிலும் உதவுகிறது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, குறித்த தொகையோ தேதியோ வரும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 2006-ல் வெளிவந்த ஆய்வின்படி, அந்த வாய்ப்பைப் பெற்றவர்களின் சேமிப்பு ஓராண்டில் மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்தது. நகைச்சீட்டு கட்டி மகளுக்குக் கம்மல் வாங்கிய மதுரைப் பெண்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும், கேட்பதற்கு ஆள் உண்டு, நடுவில் கைவைக்க முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்யலாம். முதல் வாரம் எந்த இலக்கும் வைக்காமல் போனை மட்டும் உடம்போடு வைத்திருங்கள். உங்கள் இப்போதைய சராசரி தெரியும். அதோடு ஐந்நூறோ ஆயிரமோ கூட்டி வையுங்கள். அது பழகியபிறகு அடுத்ததைக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் நடை, எடை, ஆங்கிலம், சேமிப்பு என்று நான்கு இலக்கு வேண்டாம், ஒன்று போதும். நடையை எண்ண ஆப்புக்கு உடல் அசைவை அறியும் அனுமதி போதும். போன் நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த நேரத்தில், சாப்பிட்டா சாப்பிடாமலா நடப்பது என்று டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

கடைசியாக, வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று. அம்மாவின் செல்லில் ஆப்பை ஏற்றிக் கொடுப்பதோடு பிள்ளைகளின் பொறுப்பு முடிந்துவிடாது. அவர் நடப்பதற்கு வேண்டியது அரை மணி நேரம். அந்த அரை மணியை வீட்டு வேலையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கவேண்டும். ராத்திரிச் சமையலில் ஒரு வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். "இன்னைக்குப் போனீங்களா?" என்று தினமும் கேளுங்கள். போகவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புங்கள்.