எத்தனை பேர் வந்தார்கள் என்பதா கணக்கு?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், தினமும் எத்தனை புறநோயாளிகள் வருகிறார்கள் என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அதே டாக்டர், அதே நர்ஸ், அதே சம்பளச் செலவு, பார்த்த நோயாளிகள் மட்டும் இருமடங்கு என்றால் செயல்திறன் கூடிவிட்டதாகத் தாளில் தெரியும். இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் ஒரு விவரத்தைப் பார்க்க வேண்டும். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வின்படி, ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. வெறும் தலைக்கணக்குதான் அளவுகோல் என்றால் வங்கதேசத்துக்கே முதல் பரிசு! தரத்தைக் கழித்துவிட்டுச் செயல்திறனை அளக்கவே முடியாது. நோய் தீராமல் மறுபடி மறுபடி வருகிறவரும் அந்தக் கணக்கில் சாதனையாகவே ஏறுகிறார். 2018-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட மதிப்பீடு இன்னும் கடுமையானது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சிகிச்சையே கிடைக்காமல் இறப்பவர்கள் ஆண்டுக்கு 36 லட்சம் பேர். சிகிச்சைக்குப் போயும் அது தரமாக இல்லாததால் இறப்பவர்கள் 50 லட்சம் பேர்.

அளக்கத் தொடங்கினால் அளவுகோலுக்காகவே வேலை நடக்கும் என்பார்கள். உண்மைதான். பிரிட்டனில் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சில கிளினிக்குகள் முன்பதிவையே நிறுத்திவிட்டன. அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டவர்களையும் அன்றன்று காலையில் போன் செய்யச் சொன்னார்கள். 2005-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பார்வையாளர்கள் இதைச் சொன்னபோது, பிரதமர் டோனி பிளேர் திகைத்துப்போனார். ஆனால் இது அளப்பதன் குற்றமல்ல. நோயாளிக்கு என்ன ஆனது என்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் அளந்ததன் விளைவு.

நம் நாட்டிலேயே இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம், எத்தனை பேருக்கு பி.பி. பார்த்தோம் என்பதோடு நிற்பதில்லை. பதிவு செய்த நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கடைசி வருகையில் அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தது என்று காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறது. வராமல் போனவர்களும் தனியாகக் கணக்கில் வருகிறார்கள். மருந்து இருப்பு, பழகிய செவிலியர், வீட்டுக்கு அருகில் மாத்திரை கிடைப்பது என எது தவறினாலும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே வேலைப்பளு தாங்காத ஊழியருக்கு இன்னொரு பதிவேடா என்று கேட்கலாம். நோயாளியின் அட்டையில் எப்படியும் எழுத வேண்டிய பி.பி. அளவிலிருந்தே இந்த எண் கிடைத்துவிடும். பார்க்காமலே 120/80 என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. அளவைத் திரையில் காட்டும் டிஜிட்டல் கருவி அதைக் குறைக்கும். எண் குறைந்தால் தண்டனை என்ற பயத்தை எடுத்துவிட்டால் இன்னும் குறையும். குறைந்த எண் வந்த நிலையத்துக்கு மெமோ அனுப்புவதில் பயனில்லை, மாத்திரையும் ஆளும் அனுப்ப வேண்டும்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவானவர்களில் எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் இருக்கிறது என்பதை வாசல் பலகையில் எழுதிவைக்கும்படி அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.