காலியான குடலில் முதலில் குடியேறுவது யார்?

ஆன்டிபயாடிக் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் கூடவே ஒரு புரோபயாடிக் கேப்சூலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. சீட்டில் இல்லாவிட்டாலும் சில கடைகளில் அவர்களாகவே எடுத்து நீட்டுகிறார்கள். செத்துப்போன நல்ல பாக்டீரியாக்களின் இடத்தைப் புதியவற்றைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதுதான் கணக்கு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நம் உடம்பில் இருப்பவை சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில், நூற்றுக்கணக்கான இனங்களாக வாழ்கின்றன. கேப்சூலில் வருபவை ஒன்றிரண்டு வகை, மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு. அங்கே முக்கிய வேலை பார்க்கும் பல இனங்கள் காற்றுப் பட்டாலே செத்துவிடும் என்பதால் அவற்றை அடைத்து விற்பதும் எளிதல்ல. ஆகவே போனது ஒன்று, வருவது வேறொன்று.

வந்தது சும்மா இருந்துவிட்டுப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் எரான் எலினாவ், எரான் செகல் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆரோக்கியமான 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக். மூன்றாவது பிரிவுக்கு, மருந்துக்கு முன்பே எடுத்துவைத்த அவரவர் மலத்திலிருந்த பாக்டீரியாக்களையே திரும்பக் குடலில் செலுத்தினார்கள். மலத்தைச் சோதிப்பதோடு நிற்காமல், எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுக் குடற்சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். சொந்த பாக்டீரியாக்களைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களுக்குச் சுமார் மூன்று வாரம் ஆயிற்று. புரோபயாடிக் எடுத்தவர்களின் குடலிலோ மாதக்கணக்கில் பழைய கூட்டம் திரும்பவில்லை. அந்தப் புரோபயாடிக்கில் இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வெளியிடும் பொருள்கள் மற்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகத்திலும் தெரிந்தது. வறண்ட மண்ணைப் பசுமையாக்கப் போட்ட சீமைக்கருவேலம், பிறகு வேறு செடிக்கு இடம் விடாத கதைதான்.

21 பேரை வைத்து முடிவுகட்டலாமா என்று கேட்கலாம். சரியான கேள்வி. பழைய நிலை திரும்பத் தாமதமானதால் அவர்களுக்கு நோய் வந்ததாகவும் அந்த ஆய்வு காட்டவில்லை. அதோடு, ஆன்டிபயாடிக்கால் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் புரோபயாடிக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு: 33 ஆய்வுகளைத் தொகுத்த 2019 காக்ரேன் அறிக்கையின்படி, எடுக்காத குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கும் எடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையை, அதற்கான உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து சுமார் 40 சதவீதம் குறைந்தன (2017). இவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒடிசாவின் அந்தக் குழந்தைகள் 35 வாரம் நிறைந்து, 2 கிலோவாவது எடையோடு பிறந்தவர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. எந்த வகை, யாருக்கு, எதற்காக என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் புரோபயாடிக் மருந்து. பொதுவாக 'வயிற்றுக்கு நல்லது' என்று விற்கப்படும் கேப்சூல் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

இருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சோறு போடுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை. நாம் செரிக்க முடியாமல் விடும் நார்ச்சத்துதான் அவற்றுக்கு உணவு. கீரை, அவரை, வாழைத்தண்டு, கொண்டைக்கடலை, தீட்டாத சிறுதானியம் ஆகியவற்றிலிருந்து அவை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை அதிலிருந்துதான் பெறுகின்றன. நார்ச்சத்தை நிறுத்தினால் சில பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. எலிகளில் இது 2016-இல் தெளிவாகக் காட்டப்பட்டது. தயிரும் மோரும் நல்ல உணவுதான், ஆனால் வெள்ளை அரிசிச் சோற்றோடு அவற்றை மட்டும் சாப்பிட்டால் இந்தப் பசி அடங்காது. தவிர, வைரஸால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டே இல்லாமல் மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது ஊரெங்கும் நடக்கிறது. அந்த மாத்திரையால் சளிக்கு ஒரு பயனும் இல்லை; அடி விழுவது குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு மட்டும்தான்.