கடல் கடக்கும் வாழ்க்கைத் துணை: கையில் பணம் இருந்தால் போதுமா?

மணம் முடிந்து ஒருவர் லண்டனிலும் மற்றவர் இங்குமாகக் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்கள் கிளைகளுக்கு வருவதுண்டு. விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாட்களே இருக்கும். உறவினரிடமிருந்து பெருந்தொகை ஒன்றைப் பெற்றுக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அன்றே இருப்புச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். சான்றிதழ் தருவதில் எங்களுக்குத் தடை இல்லை. ஆயினும் அந்தச் சான்றிதழ் விசாவைப் பெற்றுத் தராது. பணம் இருப்பது வேறு, அது உரிய காலம் உரியவர் பெயரில் இருந்தது என மெய்ப்பிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கட்டணமும் வீணாகும், தம்பதியரின் பிரிவும் பல மாதங்கள் நீளும்.

எவ்வளவு தேவை?

பிரிட்டன் குடிமகனோ, அங்கு நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவரோ தம் வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்ள, ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டாக இருத்தல் வேண்டும். 2024 ஏப்ரல் 11 வரை இது 18,600 பவுண்டாக இருந்தது. பணி விசாவில் சென்றவர் துணையை அழைத்துச் செல்வதற்கான விதிகள் தனியானவை. அவற்றை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.

இந்தியாவில் இருந்து விண்ணப்பிக்கும் துணைவர் இங்கு ஈட்டும் சம்பளம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கணக்கில் சேராது. அங்குள்ளவரின் சம்பளமே பார்க்கப்படும். அவர் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் பணியாற்றியிருந்தால், அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், அதே சம்பளம் வரவானதைக் காட்டும் வங்கி அறிக்கைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

சேமிப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

சம்பளம் குறைந்தால் சேமிப்பால் ஈடுகட்டலாம். இதில் இந்தியாவில் உள்ள துணைவரின் சேமிப்பும் சேரும். பணத்தைப் பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டிய தேவை இல்லை. கணக்கீடு எளிது. சேமிப்பின் முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேலுள்ள தொகை, குறைபடும் வருமானத்தைப் போல் இரண்டரை மடங்காக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சம்பளம் 25,000 பவுண்டு எனில் குறைபாடு 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. அதனுடன் 16,000 சேர்த்தால் 26,000 பவுண்டு சேமிப்பு தேவை. சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் வேண்டும். சுயதொழில் வருமானத்துடன் மட்டும் சேமிப்பை இவ்வாறு இணைக்க இயலாது.

இங்கு கவனிக்க வேண்டியவை

முதலாவது, காலம். சேமிப்பு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் இருப்பு இறங்கினாலும், அந்தக் குறைந்த தொகையே கணக்கில் கொள்ளப்படும். ரூபாய் மதிப்பு ஏறி இறங்குவதால், தேவைக்குச் சற்று மேலாகவே வைத்திருப்பது நன்று.

இரண்டாவது, பெயர். கணக்கு விண்ணப்பதாரர் பெயரிலோ, துணையின் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் தந்தையையோ தாயையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்திருப்பது வழக்கம். அத்தகைய கணக்கை நம்பியிராமல், ஆறு மாதத்திற்கு முன்பே தனிக் கணக்கிற்கு மாற்றிக்கொள்க.

மூன்றாவது, எடுக்கும் வசதி. நிலை வைப்புத் தொகை ஏற்கப்படும். அபராத வட்டி கழிந்தாலும் உடனே முறித்துப் பணம் பெறக்கூடியதாக இருந்தால் போதும். வரிச் சலுகைக்கான ஐந்தாண்டு வைப்பை இடையில் முறிக்க இயலாது என்பதால் அது இதற்கு உதவாது. நகையும் நிலமும் அவை உள்ளபடியே சேமிப்பு ஆகா. தமக்குச் சொந்தமான வீட்டை அண்மையில் விற்றிருந்தால், முந்தைய உரிமையையும் விற்பனையையும் காட்டும் பத்திரங்களுடன் அந்தப் பணத்தைக் காட்டலாம். அதற்கு ஆறு மாதக் காத்திருப்பு முழுமையாகத் தேவைப்படாது.

நான்காவது, மூலம். பெற்றோர் தரும் பணம் ஏற்கப்படும், ஆனால் அது கடனாக இருத்தல் கூடாது. கொடை என்பதைக் கடிதத்தால் உறுதிசெய்து, ஆறு மாதமும் வைத்திருக்க வேண்டும். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற உறவினரின் வாக்குறுதி பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் வழி வேறு

அமெரிக்காவில் ஸ்பான்சர் செய்பவர் ஐ-864 என்னும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார். அங்கு பொதுவாக, அந்நாட்டு வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு வேண்டும். குறைந்தால் மற்றொருவர் கூட்டு ஸ்பான்சராகப் பொறுப்பேற்கலாம். அந்தப் பொறுப்பு மணமுறிவால் முடிந்துவிடாது என்பதை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர் ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே கிளையை அணுகுங்கள். கணக்கு அறிக்கையின் இறுதி நாள், விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் அமைய வேண்டும். இணையத்தில் எடுத்த அறிக்கையாயின் ஒவ்வொரு பக்கத்திலும் கிளையின் முத்திரையைப் பெற்றுக்கொள்வது நலம். தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. அனுப்புமுன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா கிடைத்துக் குடிபெயர்ந்ததும், இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றவும் மறவாதீர்கள்.