யுகுலேலேயில் மாயாமாளவகௌளம்

கருநாடக சங்கீதம் பயிலப் புகுவோர் முதன்முதற் பாடுவது மாயாமாளவகௌள இராகத்து ஸரளி வரிசையே. அம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. நமக்கு இத்துணைப் பழக்கமான இவ்விராகத்தின் சுரவரிசை மேனாட்டுச் சங்கீதத்தில் அரிதாய் வழங்குவது. அவர்கள் அதனை இரட்டை ஹார்மானிக் என்பர். பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிக்கும் சுரக்கூட்டினை அவர்கள் கார்டு என்று வழங்குவர். அத்தகைய கூட்டுக்களை இவ்விராகத்தினின்று எடுத்து யுகுலேலே என்னும் சிறு வாத்தியத்தில் இசைக்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மதீரா தீவினின்று போர்த்துகீசியர் பலரை ஏற்றிவந்த ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் ஹவாயித் தீவுகளிலுள்ள ஹொனலூலுவை அடைந்தது. அவர்கள் நாட்டுச் சிறு தந்தி வாத்தியமே அத்தீவில் யுகுலேலே ஆயிற்று. ஹவாயி அரசர் கலாகவுவா அதனை விரும்பி ஆதரித்தார்.

இதற்குத் தந்திகள் நான்கு. வாத்தியத்தைத் தழுவிப் பிடித்தார்க்கு மேலிருந்து கீழாக அவை ஜி, ஸி, ஈ, ஏ எனச் சுருதி கூட்டப்படும். ஸி தந்தியை ஷட்ஜமாகக் கொள்ளின், முதல் மூன்று தந்திகளும் முறையே பஞ்சமம், ஷட்ஜமம், அந்தர காந்தாரம் ஆகும். இம்மூன்றும் நம் இராகத்துக்கு உரியனவே. நான்காம் தந்தியோ சதுச்ருதி தைவதம். மாயாமாளவகௌளத்துக்கு வேண்டுவது சுத்த தைவதம். ஆதலின் நான்காம் தந்தியை வெறுந்தந்தியாக மீட்டலாகாது. மீட்டின், 15ஆம் மேளத்தில் 17ஆம் மேளமாகிய சூரியகாந்தத்தின் தைவதம் வந்து புகும். இஃதொன்றை மறவாதிருப்பின் பாதித் தொல்லை நீங்கும்.

மெட்டு ஒன்றுக்கு அரைச்சுரம் ஏறும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு தந்தியிலும் விரல் அழுத்தும் மெட்டினை எண்ணாற் குறிப்போம். 0 என்பது வெறுந்தந்தி. ஸ க ப என்னும் ஆதாரக் கூட்டு 0-0-0-3. அதனோடு முதல் தந்தியின் முதல் மெட்டில் ஒரு விரலை வைப்பின், 1-0-0-3 ஆகித் த ஸ க என்னும் கூட்டுப் பிறக்கும். மூன்றாம் தந்தியின் முதல் மெட்டிலும் ஒரு விரலைச் சேர்ப்பின், 1-0-1-3 ஆகி ம த ஸ அமையும். இனி 1-1-1-4 என்பது ரி ம த. 0-4-3-2 என்பது க ப நி. இவையனைத்திலும் நான்காம் தந்தி விரலால் அழுத்தப்பட்டிருத்தலைக் காண்க.

எஞ்சியது முடிவுக் கூட்டு. மேனாட்டார் பஞ்சமத்தின் மேலெழும் 0-2-1-2 என்னும் கூட்டினை வாசித்து ஆதாரக் கூட்டிற்கு மீள்வர். யாமும் முதலிற் பழக்கத்தால் அங்ஙனமே செய்தோம். அதுவரை நிலவிய இராகச் சாயை அவ்வொரு நொடியில் மறைந்தது. காரணம் யாது? இரண்டாம் தந்தியின் இரண்டாம் மெட்டில் ஒலித்தது சதுச்ருதி ரிஷபம். அவ்விரலை ஒரு மெட்டுப் பின்னே நகர்த்தி 0-1-1-2 என வாசிப்பின் சுத்த ரிஷபம் ஒலிக்கும், இராகமும் மீளும். அன்றியும், 1-1-1-4 என்னும் கூட்டினின்று நேரே 0-0-0-3க்கு இறங்கி முடித்தலும் மிக இனிது. ஷட்ஜமத்துக்கு அரைச்சுரமே மேலுள்ள ரிஷபம் அதனிற் சென்று ஒடுங்குதலே அவ்வினிமைக்குக் காரணம்.

பயில விரும்புவோர் 0-0-0-3, 1-0-0-3, 1-0-1-3, 1-1-1-4 என்னும் நான்கினையும் இவ்விரண்டு அட்சரமாக மீட்டின், ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் நிறையும். மற்றொருவர் உடனிருந்து பாடுதல் நன்று. இராகம் என்பது வெறும் சுரவரிசையன்று. கமகத்தாலும் சஞ்சாரத்தாலும் உயிர்பெறுவது. சுரங்கள் ஒருங்கே நின்றொலிக்கும் கூட்டில் கமகத்துக்கு இடமில்லை. ஆகவே வாத்தியம் கூட்டினை ஒலிக்கட்டும். இராகத்தைக் குரல் காக்கட்டும். சுரக்கூட்டுக்கு இராகத்தை இசைவித்தல் வேண்டா. இராகத்துக்கு இசைந்த கூட்டினைத் தேடுதலே முறை. அதற்கு ஒரு மெட்டளவு விரலை நகர்த்தலே சிற்சில வேளைகளிற் போதுமானது.