டப்பெற்றின் தெரிவு: எஞ்சின் புதுக்கல் பற்றிய ஒரு நோக்கு

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அறிவியலைத் தாய்மொழியில் விளக்கலாம் என்பதைச் செயலிற் காட்டியவர். எந்திரத் தொழினுட்பமும் அவ்வாறு விளக்கப்பட வேண்டியதே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரை உதாரணமாகக் கொண்டு, எஞ்சினைப் புதுக்குவோர் எதிர்நோக்கும் தெரிவொன்றை இங்கு ஆராய்வோம்.

கேம் தண்டின் அசைவை வால்வை நோக்கிக் கடத்தும் உறுப்பே டப்பெற் ஆகும். எஞ்சின் சூடேற வால்வுத் தண்டு நீளும். இடைவெளி இல்லையெனின் வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் குறையும், வெளியேற்று வால்வு கருகும். இடைவெளி மிகின் ஓசை எழும். வால்வு போதியளவு திறவாது. மொறிஸ் மைனர் 1000 வகையில் இவ்விடைவெளி 0.012 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.30 மில்லிமீற்றர். திண்ம டப்பெற்றில் இதனை மெல்லிய அளவுத்தகடு கொண்டு தொழிலாளியே காலந்தோறும் சரிசெய்தல் வேண்டும்.

நீரியல் டப்பெற் எனப் பெயர்பெற்றதில் உண்மையில் தொழிற்படுவது ஒயிலே. அதனுள் அமைந்த சிறு முசலமும் ஒருவழி வால்வும் ஒயிலழுத்தத்தால் இடைவெளியைத் தாமே நிரப்புகின்றன. 1930இல் கடிலாக் நிறுவனத்தின் பதினாறு சிலிண்டர் எஞ்சின் இம்முறையைக் கையாண்டது. ஓசையின்மையும் அடிக்கடி சரிசெய்ய வேண்டாமையும் இதன் சிறப்புகள். ஆயின் தூய ஒயிலும் உரிய பாகுநிலையும் தளராத அழுத்தமும் இன்றி இது இயங்காது.

இவ்வேறுபாட்டின் சமூகப் பொருளை அண்மை வரலாறு உணர்த்துகின்றது. 1990இன் பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினர். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் நீரியல் டப்பெற்றினுள் தங்காது கசியும். திண்ம டப்பெற்றும் தேய்வுக்கு உட்பட்டதே. எனினும் அதன் இடைவெளியை ஒரு திருப்புளியும் சாவியும் அளவுத்தகடும் கொண்டு மீட்கலாம். எளிமை இங்கு பின்தங்கிய நிலையன்று. இறக்குமதி உதிரிப்பாகத்தில் தங்காத ஆற்றலாகும்.

எனினும் பழைமையைப் போற்றுதல் மட்டும் போதாது. ஈயம் நீங்கிய பெற்றோலைப் பயன்படுத்துகையில், கடினமாக்கப்படாத பழைய வால்வு இருக்கைகள் தேய்ந்து, இடைவெளி சுருங்கும். ஆதலின் திண்ம டப்பெற் உடையோர் அதனை அடிக்கடி சோதித்தலும், புதுக்கும்போது கடின இருக்கைகளைப் பொருத்துதலும் அவசியம்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாதெனில், டப்பெற் தனித்துத் தெரிவுசெய்யப்படுவதன்று. திண்ம டப்பெற்றுக்கும் நீரியல் டப்பெற்றுக்கும் கேமின் வடிவம் வேறுபடும். நீரியல் டப்பெற்றுக்கு அழுத்த ஒயில் செல்லும் பாதையும் வேண்டும். எனவே எஞ்சின் எவ்வகைக்காக ஆக்கப்பட்டதோ அவ்வகையைப் பேணுதலே பொதுவிதி. அதனை மாற்ற எண்ணுவோர் கேம், ஒயில், பராமரிப்போனின் திறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.